பழைய பட்டாளத்துக் கத்தியையும் கருவியையும் அடையாளம் காண்பது எப்படி

பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டி, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் விரித்த தார்ப்பாய், புதுப்பேட்டைக் காயலான் கடையின் மூலை. சென்னையில் பழைய பட்டாளத்துச் சாமான் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றிலிருந்துதான் கைக்கு வரும். கோட்டையும் பரங்கிமலை, பல்லாவரம் கண்டோன்மென்டும் இந்த ஊரோடு சேர்ந்தே வளர்ந்தவை. இரண்டாம் உலகப் போரில் ஆவடியில் பெரிய ராணுவக் கிடங்கு இருந்தது. போர் முடிந்து மிஞ்சியதெல்லாம் ஏலத்துக்குப் போய், 'டிஸ்போசல் சாமான்' என்ற பெயரில் மெக்கானிக்குகள் கைக்கும் வீட்டுச் சமையலறைக்கும் வந்து சேர்ந்தது.

அப்படி ஒன்று கையில் கிடைத்தால் இரண்டு கேள்விகள் எழும். இது யாருக்காக, எப்போது செய்யப்பட்டது? இதை யார் வைத்திருந்தார்கள்? முதல் கேள்விக்கு இரும்பு பதில் சொல்லும். இரண்டாவதற்கு மனிதர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். முத்திரையைப் பார்த்து "தாத்தா பர்மாவில் சண்டை போட்டார்" என்று முடிவு கட்டுவதும், தாத்தா சொன்னார் என்பதற்காக 1950-களின் கத்தியை முதல் உலகப் போர்க் கத்தி ஆக்குவதும் இந்த இரண்டையும் குழப்புவதால் வருகிற வினை. கீழே உள்ள படிகள் எல்லாம் இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்வதற்காகத்தான்.

முதல் படி: சுத்தம் செய்யாதீர்கள்

துருவைப் பார்த்ததும் உப்புத்தாளைத் தேடுகிற கையை முதலில் கட்டிப்போடுங்கள். முத்திரைகள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு ஆழம்தான் இருக்கும். இரண்டு நிமிடம் தேய்த்தால் ஆண்டும் போகும், கம்பெனிப் பெயரும் போகும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுப்பது அதைவிட மோசம். அலகின் அடிப்பகுதியில்தான் முக்கியமான எழுத்துகள் இருக்கும். சாணைக்கல் முதலில் தின்பது அந்த இடத்தைத்தான். எலுமிச்சை, வினிகர், புளி எதுவும் வேண்டாம்.

மடக்குக் கத்தி திறக்கவில்லை என்றால் கொறடு போட்டு இழுக்காதீர்கள். மூட்டில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் நகத்தால் முயன்று பாருங்கள். அசையவில்லையா, இன்னொரு ராத்திரி. அலகைத் திறக்க நகம் மாட்டும் பள்ளம் உடைந்த கத்திகளில் பாதி இந்த அவசரத்தில் உடைந்தவைதான் என்பது என் கணிப்பு.

இங்கேயே ஒரு எச்சரிக்கை. பெட்டியில் தோட்டா, குண்டு, ஷெல் மாதிரி ஏதாவது இருந்தால் அது எவ்வளவு பழையதாக இருந்தாலும் தொடாதீர்கள், உலுக்காதீர்கள், காயலான் கடைக்கு எடுத்துப்போகாதீர்கள். 112-க்கு போன் செய்யுங்கள்.

இரண்டாம் படி: எழுத்தைப் படிக்க வெளிச்சத்தைச் சாய்க்க வேண்டும்

நேராக அடிக்கும் வெளிச்சத்தில் முத்திரை தெரியாது. அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சை இரும்பின் பக்கவாட்டில், கிட்டத்தட்ட படுக்கவைத்த கோணத்தில் பிடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழும். வெறும் சொறி என்று நினைத்த இடத்தில் எழுத்து தெரியும். டார்ச்சை நாலு பக்கமும் சுற்றி நாலு படம் எடுங்கள். ஒரு கோணத்தில் மறைந்த எழுத்து இன்னொன்றில் வந்துவிடும்.

அப்படியும் வரவில்லை என்றால் சாக்பீஸ் பொடியோ விபூதியோ விரலால் மெல்ல ஒற்றி, மேலாக ஊதிவிடுங்கள். பள்ளத்தில் வெள்ளை தங்கும். தேய்க்க வேண்டாம், ஒற்றினால் போதும். மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் உரசுவதும் நல்ல வழி, ஆனால் தட்டையான பரப்பில் மட்டும்.

எங்கெல்லாம் பார்ப்பது? மடக்குக் கத்தியில் அலகின் அடிப்பாகம், இரண்டு பக்கமும். அப்புறம் டின் திறப்பானின் அடிப்பாகம், கைப்பிடியின் உலோகத் தலைப்பகுதி, கயிறு மாட்டும் வளையம். ஸ்பேனரில் தண்டின் இரு பக்கமும், வாயின் கன்னமும். மரப்பிடி உள்ளவற்றில் மரத்தையும் பாருங்கள். சிப்பாய்கள் தங்கள் எண்ணையோ எழுத்தையோ ஆணியால் கீறியிருப்பார்கள். தொழிற்சாலை முத்திரையைவிட அந்தக் கீறல்தான் எனக்குப் பெரிது. இரண்டாவது கேள்விக்கு இரும்பும் மரமும் கொடுக்கக்கூடிய ஒரே துப்பு அது.

மூன்றாம் படி: அம்பு

பிரிட்டிஷ் அரசின் உடைமைக் குறி அகன்ற அம்பு. மூன்று கோடுகள் மேலே ஒரு புள்ளியில் கூடும். காக்கா கால் மாதிரி இருக்கும். அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதில்தான் விஷயம்.

அம்பு மட்டும் இருந்தால் பிரிட்டன். அம்புக்குக் கீழே ஆங்கில 'ஐ' எழுத்து இருந்தால் பிரிட்டிஷ் கால இந்திய அரசு. நம்ம ஊர்ப் பெட்டிகளில் முதலில் தேட வேண்டியது இதைத்தான். 'சி' எழுத்துக்குள் அம்பு இருந்தால் கனடா. இரண்டு 'டி' எழுத்துகளுக்கு நடுவே அம்பு என்றால் ஆஸ்திரேலியா. 'யு'வுக்குள் அம்பு இருந்தால் தென்னாப்பிரிக்கா. 'டபிள்யூ.டி.' என்று சேர்ந்திருந்தால் பிரிட்டிஷ் போர்த்துறை. கிரீடத்தோடு 'ஏ.எம்.' என்றிருந்தால் அது தரைப்படைச் சாமான் இல்லை, விமானத்துறையுடையது. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நட்சத்திரம் போல நின்றால், அரசு அதை முறையாக விற்றுவிட்டது என்று பொருள். ஏலத்தில் வந்த சாமானுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அம்பு இருந்தாலே பட்டாளம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. அது அரசு உடைமைக்கான குறி. படைக்கு வெளியே இருந்த அரசுச் சாமான்களிலும் வந்திருக்கிறது. சென்னையில் இன்னொரு குழப்பமும் உண்டு: ரயில்வே. 'எம்.எஸ்.எம்.' என்று இருந்தால் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராத்தா ரயில்வே, 'எஸ்.ஐ.ஆர்.' என்றால் சவுத் இந்தியன் ரயில்வே. இரண்டும் 1951 ஏப்ரலில் தெற்கு ரயில்வேயில் கலந்துவிட்டன, ஆகவே அந்த எழுத்து உள்ள கருவி அதற்கு முந்தையது. பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர் வீட்டில் இருக்கும் கனமான ஸ்பேனரை 'மிலிட்டரி ஸ்பேனர்' என்று பேரப்பிள்ளைகள் சொல்வது சகஜம். ரயில்வே ஸ்பேனராக இருப்பதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

நாலாம் படி: எண்ணை ஆண்டு என்று நம்பாதீர்கள்

அதிகம் பேர் சறுக்குகிற இடம் இதுதான். பிரிட்டிஷ் மடக்குக் கத்திகளில் '6353/1905' என்று இருக்கும். உடனே "1905-ஆம் வருஷத்துக் கத்தி" என்று விலையை ஏற்றுவார்கள். அது கத்தியின் மாதிரிக்கான, அதாவது டிசைனுக்கான எண். 1905-இல் ஒப்புதலான அந்த மாதிரியின் எண்ணைப் பல வருஷம் கழித்துச் செய்த கத்திகளிலும் பொறித்தார்கள்.

துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தியான பயனெட்டிலும் இதே கதை. ‘1907’ என்ற எண் அந்த மாதிரி பயனெட் பெரும்பாலானவற்றில் உண்டு. செய்த மாதமும் ஆண்டும் அதன் கீழே சின்னதாக இருக்கும்; '5 17' என்றிருந்தால் 1917 மே. இந்தியாவில் செய்ததில் 'ஆர்.எஃப்.ஐ.' என்று இருக்கும், வங்காளத்து இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை. 'ஜி.ஆர்.ஐ.' என்ற அரச முத்திரையின் கடைசி எழுத்து பேரரசரைக் குறிப்பது. இந்தியத் தயாரிப்புக்கு அது நல்ல அடையாளம்.

போருக்குப் பிந்தைய சாமான்களில் நீண்ட இலக்க வரிசை ஒன்று வரும். அது சரக்கு எண். அமெரிக்கக் கருவியில் 11 இலக்கம் (4, 3, 4 என்று பிரிந்து) இருந்தால் அந்த எண் 1974-க்கு முந்தைய முறை. அதன் பிறகு 13 இலக்கமானது: 4, 2, 3, 4. நடுவில் வரும் அந்த இரண்டு இலக்கம் நாட்டைச் சொல்லும். 00, 01 அமெரிக்கா, 99 பிரிட்டன், 12 ஜெர்மனி, 14 பிரான்ஸ், 21 கனடா, 66 ஆஸ்திரேலியா, 72 இந்தியா. முதல் நாலு இலக்கம் சாமானின் வகை. 5110 வெட்டும் கைக்கருவி, 5120 ஸ்பேனர், கொறடு போன்ற கூரில்லாக் கைக்கருவி, 7340 சாப்பாட்டு மேசைக் கத்தி, கரண்டி வகை. மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டால் சந்தையில் உதவும்.

ஐந்தாம் படி: மடக்குக் கத்தியின் உடம்பைப் படிப்பது

முத்திரை முழுதாக அழிந்துவிட்டாலும் கத்தியின் அமைப்பு பேசும்.

நம்மிடம் அதிகம் கிடைப்பது பிரிட்டிஷ் பட்டாளத்துக் கத்தி. அகலமான ஒற்றை அலகு. வெட்டும் விளிம்பு நேராக ஓடும், முதுகு வளைந்து வந்து அதைச் சேரும், நுனி மழுங்கியிருக்கும். குத்துவதற்கான கத்தி அல்ல அது, கயிறும் ரொட்டியும் அறுப்பதற்கானது. கூடவே ஒரு டின் திறப்பான். பின்பக்கம் கூரான தடித்த ஊசி. அந்த ஊசியைக் குதிரைக் குளம்பில் கல் எடுக்கத்தான் என்று நிறையப் பேர் சொல்வார்கள். கயிற்றின் புரிகளைப் பிரிக்கவும், இறுகிய முடிச்சை அவிழ்க்கவும் வைத்தது அது, கப்பல்காரர்கள் கருவி. வளையத்தில் கயிறு மாட்டி இடுப்பில் தொங்கவிட்டுக்கொள்வார்கள்.

அளவும் கைப்பிடியும் காலத்தைச் சொல்லும். முதல் உலகப் போர்க் கத்தி பெரியது, கனமானது. இரண்டாம் போர்க் காலத்தில் கத்தி சுருங்கியது. கைப்பிடி கறுப்புப் பிளாஸ்டிக், கட்டம் கட்டமாகச் சொரசொரப்பாக இருக்கும். போருக்குப் பிறகு கைப்பிடி உட்பட முழுக்க எவர்சில்வர் ஆனது. அம்பும் ஆண்டும் அதில் தெளிவாகத் தெரியும். ஷெஃபீல்டு ஊர்ப் பெயரோடு ஜோசப் ராட்ஜர்ஸ், வோஸ்டன்ஹோம், வேட் அண்ட் புட்சர் போன்ற பெயர்கள் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அந்தக் கம்பெனிகள் கடையில் விற்பதற்கும் கத்தி செய்தவை, அதனால் பெயரை மட்டும் பார்த்து ராணுவச் சாமான் என்று சொல்ல முடியாது. அம்போ மாதிரி எண்ணோ கூட இருக்க வேண்டும்.

அமெரிக்கக் கத்தியில் இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று, 'டி.எல்.-29' என்று பொறித்த இரண்டு அலகுக் கத்தி: ஒன்று வெட்ட, இன்னொன்று திருப்புளி. திருப்புளி திறந்ததும் உள்ளே ஒரு தகடு அதைப் பூட்டிக்கொள்ளும். சிக்னல் படையில் கம்பி இழுப்பவர்களுக்கானது. போருக்குப் பின் சிவில் எலெக்ட்ரீஷியன்களும் இதே வடிவத்தை விடாமல் வைத்திருந்தார்கள் என்பதால், அந்த எழுத்து இல்லாவிட்டால் ராணுவம் என்று சொல்லாதீர்கள். இன்னொன்று முழு எவர்சில்வர்க் கத்தி, கைப்பிடியில் 'யு.எஸ்.', அலகின் அடியில் காமிலஸ் போன்ற கம்பெனிப் பெயரும் ஆண்டும். காமிலஸ் 2007-இல் மூடப்பட்ட கம்பெனி.

ஸ்விஸ் கத்தி என்றாலே எல்லோருக்கும் சிவப்புதான் ஞாபகம் வரும். சிப்பாய்க்குக் கொடுத்தது வேறு. 1890-இல் வந்த முதல் மாதிரிக்குக் கருத்த மரக் கைப்பிடி. அலகு, துளையிடும் ஊசி, டின் திறப்பான், திருப்புளி என்று நாலே உறுப்பு. திருப்புளி சேர்த்தது, 1889-இல் வந்த அவர்களின் புதுத் துப்பாக்கியைக் கழற்றி மாட்டுவதற்காக. 1961 மாதிரியில் வெள்ளி நிற அலுமினியக் கைப்பிடியும் சின்னச் சிவப்புக் கேடயமும் இருக்கும், அலகின் அடியில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்தவர் கொடுத்த சிவப்புக் கத்தி நல்ல கத்திதான், பட்டாளத்துக் கத்தி இல்லை.

ஆறாம் படி: ஸ்பேனரை அளந்து பாருங்கள்

கத்தியைவிட ஸ்பேனரில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். யாரும் போலி செய்ய மெனக்கெடாத பொருள் என்பதால் அது பொய் சொல்வது குறைவு.

ஸ்பேனரில் '1/2 டபிள்யூ' என்று இருக்கிறது என்று வையுங்கள். ஸ்கேலை வைத்து வாயை அளந்தால் அரை அங்குலம் வராது, சுமார் 0.92 அங்குலம், அதாவது 23 மில்லிமீட்டர் சொச்சம் வரும். ஸ்பேனர் தப்பில்லை. ஜோசப் விட்வொர்த் 1841-இல் வகுத்த மரை முறையில் எண் போல்ட்டின் தடிமனைக் குறிக்கும், தலையின் அகலத்தை அல்ல. '1/2 ஏ.எஃப்.' என்று இருந்தால்தான் வாய் அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர்.

இதில் என்ன துப்பு? போர்க்கால பிரிட்டிஷ் லாரிகளுக்கு விட்வொர்த் வகை வேண்டும். அமெரிக்க ஜீப்புக்கு ஏ.எஃப். வகை. ஃபோர்டு செய்த ஜீப்பின் கருவிகளிலும் போல்ட்டுகளிலும்கூட சாய்ந்த 'எஃப்' எழுத்து இருக்கும். மில்லிமீட்டர் அளவு என்றால் பெரும்பாலும் பின்னாளையது: ஜபல்பூரில் செய்த சக்திமான் லாரி ஜெர்மானிய மேன் கம்பெனியின் வடிவம், ராணுவ ஜீப்பான ஜோங்கா ஜப்பானிய நிசானின் வடிவம். தாத்தா டிரைவராக இருந்தார் என்று மட்டும் தெரிந்து, எந்த வண்டி என்று தெரியாத வீட்டில், பெட்டியில் மிஞ்சிய நாலு ஸ்பேனர்கள் நல்ல துப்பு. ஆனால் நாலும் ஒரே வகையாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் அது பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்தும் வந்திருக்கலாம்.

மற்றவை, சுருக்கமாக

கூர்க்காக்களின் வளைந்த கத்தியான குக்ரியில் அம்பும் 'ஐ'யும், ஆண்டும், செய்தவர் எழுத்தும் இருக்கிறதா பாருங்கள். சிங்கமுகப் பிடி, பளபளப்பான உறை, அலகில் பூவேலை எல்லாம் சுற்றுலாக் கடைச் சரக்கு. காட்டுக்கத்தியில் முதலைப் படம் இருந்தால் பர்மிங்ஹாமின் மார்ட்டின்டேல் கம்பெனி. அம்பும் ஆண்டும் சேர்ந்திருந்தால் படைக்குப் போனது. ஒரு பக்கம் சின்ன மண்வெட்டியும் மறுபக்கம் கூரான கொத்தும் உள்ள, காம்பு தனியாகக் கழலும் இரும்புத் தலை கிடைத்தால், அது பதுங்குகுழி தோண்டும் கருவி. சிர்ஹிந்த் மாதிரி என்பார்கள். தோட்டக்காரர்கள் அதைப் பல வருஷம் பயன்படுத்திவிட்டே நம்மிடம் தருவார்கள்.

போலியைப் பிடிப்பது

பித்தளையில் செய்து, லண்டன் என்றும் ஆண்டு என்றும் பெரிதாகப் பொறித்து வரும் திசைகாட்டி, தொலைநோக்கி எதையும் பட்டாளத்துச் சாமான் என்று வாங்காதீர்கள். அலங்காரத்துக்கு வாங்கினால் சரி. உண்மையான முத்திரை கண்ணில் படுவதற்காக அடித்தது அல்ல, கணக்குக்காக அடித்தது. சின்னதாக, சில சமயம் கோணலாக, பார்க்க வசதியில்லாத இடத்தில் இருக்கும்.

எழுத்தின் பள்ளத்துக்குள் பாருங்கள். சுற்றியுள்ள பரப்பு கறுத்துத் துருப்பிடித்திருக்க, பள்ளம் மட்டும் பளிச்சென்று இருந்தால் முத்திரை புதுசு. அம்பின் மூன்று கோடும் ஒரே அச்சில் விழுந்திருக்க வேண்டும். உளியால் தனித்தனியாக வெட்டியிருந்தால் கோடுகள் சேரும் இடம் பிசிறும். கைப்பிடி ஒரு காலம், அலகு ஒரு காலம் என்று இருந்தால் யாரோ இரண்டு கத்தியை ஒன்றாக்கியிருக்கிறார்கள். ரிவெட்டுகளின் தலை அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கண் பழக, அசலை நிறையப் பார்க்க வேண்டும். கோட்டை அருங்காட்சியகத்திலும் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் ஆயுதங்கள் காட்சிக்கு உண்டு. எழும்பூரில் உள்ளவை தஞ்சை அரண்மனையிலிருந்தும் கோட்டையின் ஆயுதச்சாலையிலிருந்தும் வந்தவை. இரண்டு இடமும் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். அன்றைக்குத்தான் பல்லாவரம் சந்தை, எனவே வாரம் வீணாகாது.

ஏழாம் படி: வீட்டு நினைவை எழுதுவது

இப்போது இரண்டாவது கேள்வி. பெரியவர் ஒருவர் உயிரோடு இருந்தால், மற்ற எல்லாப் படிகளையும் தள்ளிவைத்து இதை முதலில் செய்யுங்கள்.

"இது எந்த வருஷம் தாத்தா?" என்று தொடங்காதீர்கள். வருஷம் யாருக்கும் சரியாக ஞாபகம் இருக்காது. கேட்டதற்காக ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுவார், அப்புறம் அதுவே வரலாறாகிவிடும். பொருளை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். எந்த அலகை முதலில் திறக்கிறார், எப்படிப் பிடிக்கிறார் என்று கவனியுங்கள். கை மறப்பதில்லை. அப்புறம் "இதை வெச்சு என்ன பண்ணுவீங்க தாத்தா?", "தொலைஞ்சு போனா சம்பளத்துல பிடிப்பாங்களா?", "கூட இருந்தவங்க இதை என்னன்னு சொல்வாங்க?" என்று கேளுங்கள். பாட்டியிடம் தனியாகக் கேளுங்கள். அந்தக் கத்தி வீட்டுக்கு வந்த நாளையும், அதில் எத்தனை வருஷம் மாங்காய் நறுக்கினார்கள் என்பதையும் பாட்டிதான் சொல்லுவார்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் பொருளுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். இடப்பக்கம் இரும்பு சொன்னது: நீளம், எடை, முத்திரை எழுத்துக்கு எழுத்து, தெரியாத எழுத்துக்கு ஒரு புள்ளி. வலப்பக்கம் மனிதர் சொன்னது: யார் சொன்னார், என்றைக்கு, அவர் சொன்ன வார்த்தையிலேயே. இரண்டும் முரண்பட்டால் எதையும் திருத்தாதீர்கள். தாத்தா 1944 என்கிறார், கத்தியில் 1952 இருக்கிறது என்றால், அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. பழைய கத்தி தொலைந்து இது பின்னால் வந்திருக்கலாம். டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட் இருந்தால் அதன் நகலையும் அதே நோட்டில் வையுங்கள், படைப்பிரிவும் எண்ணும் அதில் இருக்கும். பிடியில் கீறிய எண் அதோடு பொருந்தினால் இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேரும். அப்படிச் சேருவது அபூர்வம்.

பொருளின் மேல் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம், மார்க்கரால் எழுதவும் வேண்டாம். சின்ன அட்டைத் துண்டைப் பருத்தி நூலால் கட்டி, நோட்டின் பக்க எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள்.

எட்டாம் படி: சென்னைக் காற்றில் காப்பது

கடலோர ஈரம் இரும்பின் எதிரி. உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் சிக்குப் பிடிக்கும், வேண்டாம். தோல் உறை எவ்வளவு அழகாக இருந்தாலும் கத்தியை அதற்குள் வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும், பதப்படுத்திய ரசாயனம் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றும். உறையைப் பக்கத்தில் தனியாக வையுங்கள். செல்லுலாய்டு கைப்பிடி உள்ள பழைய கத்தியை மற்றவற்றோடு ஒரே டப்பாவில் அடைக்கக் கூடாது. அது சிதையும்போது வரும் வாயு பக்கத்தில் உள்ள இரும்பையும் அரிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாதம் ஒரு முறையாவது எடுத்துப் பாருங்கள்.

சட்டம்

சின்ன மடக்குக் கத்தியை வீட்டில் வைத்திருப்பது வேறு, பயனெட்டும் குக்ரியும் வேறு. 2016 ஆயுத விதிகளின் ஐந்தாம் வகையில் (கேட்டகரி V) வாள், குத்துவாள், பயனெட் ஆகியவையும், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகளும் வருகின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழில் இவற்றுக்கானவை விலக்கு. அப்படிப்பட்டது பெட்டியில் இருந்தாலோ வாங்க நினைத்தாலோ காவல் ஆணையர் அலுவலகத்தில் விசாரித்து, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிய பொருளை மெட்ரோவிலோ விமானக் கைப்பையிலோ எடுத்துப்போக முயலாதீர்கள். இப்போது புழக்கத்தில் உள்ள ராணுவச் சரக்கை யாராவது மலிவாக நீட்டினால் கைகூப்பிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்ப நினைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1972 தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த பொருள் தொல்பொருளாகும், தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. முதல் உலகப் போர்க் காலத்துச் சாமான் எல்லாம் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டது. பொருள் இங்கேயே இருக்கட்டும். நோட்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள்.